பாவடித் தெருவுக்கு வந்த குரல்

தறி ஓடுகிற ஊரில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பாவடித் தெருவில் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு விசைத்தறி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவிர மற்ற நேரமெல்லாம் அவை தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே பிறந்த குழந்தையைக் கொஞ்சுவதும் கத்தித்தான், இழவு வீட்டில் துக்கம் விசாரிப்பதும் கத்தித்தான், ரகசியம் என்றால் அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், அதனாலேயே அந்தத் தெருவில் ரகசியம் என்று எதுவும் பொழுது சாயும்வரை நின்றதில்லை. அப்படிப்பட்ட தெருவுக்குள் ஐப்பசி மாதத்தில் ஒரு மெதுவான குரல் வந்து சேர்ந்தது. சுகந்தியின் வலது காதுக்குள் உட்கார்ந்துகொண்டு ஈரோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தது. அதற்கென்று கண்டக்டர் தனியாக டிக்கெட் கேட்கவில்லை.

சுகந்தி தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கிறவள். அவள் வீட்டுக்காரன் தனசேகர் தறி ஓட்டுகிறவன். மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்குள் நுழைந்தவன், இடது காது முழுசும் வலது காதில் பாதியும் தறிக்கே போய்விட்டது. மகன் லோகித்துக்கு நாலு வயது முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. நல்ல பையன். சிரித்தால் கன்னம் குழியும். ஆனால் நினைத்தது நினைத்த மாதிரி நடக்கவில்லை என்றால், சட்டைப் பொத்தானைக் கீழிருந்து போடாமல் மேலிருந்து போட்டுவிட்டால், தோசையை அவன் கேட்பதற்கு முன்பே பிய்த்து வைத்துவிட்டால், அவனுக்குள் எதுவோ பட்டென்று அறுந்துபோகும். கையில் கிடைத்ததை வீசுவான், எதிரில் இருப்பவரை அடிப்பான், தரையில் விழுந்து முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவான், அவன் கத்தினால் தறிச் சத்தத்தைத் தாண்டி மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும், பாவடித் தெருவில் அது பெரிய விஷயம். சுகந்தி கெஞ்சிப் பார்த்தாள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், அடித்த கையைச் சுவரில் அடித்துக்கொண்டு அழுதும் பார்த்தாள். ஆடி மாதம் அவன் தண்ணீர் பாட்டிலால் எல்.கே.ஜி. மிஸ்ஸின் மூக்குக் கண்ணாடியை உடைத்தபோது, சரியான பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சேதி கேட்டுத் தனசேகரின் அண்ணன் குணசீலனும் அவர் மனைவி தெய்வானையும் சத்தியமங்கலத்திலிருந்து வந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தெய்வானை லோகித்தை மடியில் வைத்துக்கொண்டாள், அவன் அவள் கன்னத்தில் அறைந்தான், அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"தைப்பூசம் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள பையன் சரியாயிட்டான்னா சந்தோசம். இல்லீன்னா நாங்க கூட்டிட்டுப் போயி வளத்தறோம். அங்க தறியும் இல்ல, இந்தச் சத்தமும் இல்ல. இங்கயே கெடந்தா இவனும் கெட்டு, நீயும் பைத்தியமாயிருவ புள்ள."

அன்பாகத்தான் சொன்னாள், அதனால்தான் சுகந்திக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. தனசேகர் தலையை ஆட்டினான். பாதி காதில் விழாத பேச்சுக்கெல்லாம் தலையை ஆட்டுவது அவன் வழக்கம். ஆனால் அண்ணன் எதிரில் ஆட்டின தலை ஆட்டினதுதான், அதைத் திருப்பி வாங்க முடியாது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். ஈரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் குழந்தைகளுக்கான இடம் ஒன்று இருந்தது. குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்துச் சுகந்தி போனால், அங்கே வைத்தியம் அம்மாவுக்காக இருந்தது. ஓர் அறை, தரையில் பொம்மைகளும் மரக்கட்டைகளும், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. இந்தப் பக்கம் நின்றால் தன் முகம் தெரியும். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த அறை முழுசும் தெரியும். ஷெர்லின் மேடம் என்ற பெண், நாகர்கோவில் பக்கத்துக்காரி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். போவதற்கு முன் புளியங்கொட்டை அளவில் ஒரு சின்னப் பொத்தானைச் சுகந்தியின் காதில் வைத்துவிட்டுப் போனாள்.

"அம்மா, நான் ஷெர்லின் பேசுதேன். கேக்குதா?" என்றது காது.

"கேக்குதுங்க!" என்று சுகந்தி தறிப்பட்டறையில் கத்துவதைப் போலக் கத்தினாள்.

"கத்தாண்டாம்மா. மெதுவாவே சொல்லுங்க. இப்போ அஞ்சு நிமிசம் அவன் இஷ்டத்துக்கு விளையாடட்டும், நீங்க பக்கத்துல இருங்க, அவ்வளவுதான்."

லோகித் கட்டைகளை அடுக்கினான். "என்ன சாமி கட்டற? ஊடா?" என்றாள் சுகந்தி.

"கேள்வி வேண்டாம்மா. ஏவவும் வேண்டாம், குத்தமும் சொல்ல வேண்டாம். அவன் செய்யறதை அப்படியே சொல்லுங்க, போதும்."

சுகந்திக்கு விளங்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். "லோகித்து செவப்புக் கட்டையை மேல வெக்கறான்." பையன் திரும்பிப் பார்த்துவிட்டு நீலக் கட்டையை எடுத்தான். "லோகித்து நீலக் கட்டையை எடுக்கறான். கீழ விழுகாம மெதுவா வெக்கறான். மெதுவா வெக்கறது நல்லா இருக்குது."

"அருமையாச் சொன்னீங்க," என்றது காது.

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் ஒன்றை அருமையாகச் சொன்னாள் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் லோகித் கட்டையைச் சுவரில் எறிந்தான். "வெப்ராளப்படாதீங்க, பதறாண்டாம்," என்றது குரல். "ஒண்ணும் பேசாம முகத்தைத் திருப்பிக்கிடுங்க. அவன் எறியறதை நிறுத்தினதும் உடனே திரும்பிப் பாருங்க, உடனே." அவள் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். பையன் எதையும் எறியாமல் கையை வைத்துக்கொண்டு நின்றான், அவன் முகத்தில் ஒரு குழப்பம், அவள் முகத்திலும் அதே குழப்பம்.

போகும்போது பொத்தானைக் கழற்றி மேடத்தின் கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பஸ் பள்ளிபாளையம் பாலத்தில் காவிரிக்கு மேலே போகும்போது லோகித் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றி ஆற்றில் வீசப் போனான், அப்போது காது பேசியது. "அம்மா, அவன் இன்னும் வீசலை பாத்துக்கிடுங்க. செருப்பைக் கையில வச்சிருக்கான். அதைச் சொல்லுங்க." சுகந்தி காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பொத்தான் இல்லை. இந்தக் காலத்தில் இதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "லோகித்து செருப்பைக் கெட்டியாப் புடிச்சுட்டிருக்கறான்," என்று சொன்னாள். செருப்பு வீடு வந்து சேர்ந்தது.

பக்கத்து வீட்டு அருக்காணிக்கு அன்றைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அருக்காணி நாற்பது வருஷமாக அந்தத் தெருவில் நடந்த எல்லாவற்றையும் முதலில் தெரிந்துகொண்டவள்.

"காதுக்குள்ள பொம்பள பேசறாளா? எங்க, காட்டு."

"எப்படிக்கா காட்டறது?"

அருக்காணி தன் இடது காதைச் சுகந்தியின் வலது காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவில் காது வைத்துக் கேட்கிறவளைப் போல மூச்சை அடக்கி நின்றாள். அருக்காணியின் கண்கள் விரிந்தன. "அட, அம்மான்னு கூப்புடறாடி," என்றாள். வீட்டுக்குப் போன பிறகும் அது அவள் காதில் பேசியது. மறுநாள் பெட்டிக்கடைக் குப்புராஜ் கேட்டான், அருக்காணி காதைக் கொடுத்தாள். குப்புராஜிடம் பீடி வாங்க வந்தவர்கள் கேட்டார்கள், குப்புராஜ் கொடுத்தான். கார்த்திகை தீபத்துக்குள் தெரு முழுக்கக் காதும் காதும் ஒட்டிக் குரல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. தறிச் சத்தத்துக்கு நடுவில் அது மட்டும் கிணற்றுத் தண்ணீரைப் போலத் தெளிவாகக் கேட்டது. ஆண், பெண், கிழவன், குமரி என்று பார்க்காமல் எல்லோரையும் அம்மா என்றே அழைத்தது. மாரியம்மன் கோவில் பூசாரி முதல் இரண்டு நாள் சங்கடப்பட்டார், அப்புறம் பழகிக்கொண்டார். தனசேகர் மட்டும் காதைக் கொடுக்கவில்லை. "இருக்கற அரைக் காதுல இன்னொருத்தி வேறயா?" என்று சொல்லிவிட்டான்.

ஒன்று மட்டும் யாருக்கும் முதலில் புரியவில்லை. குரல் லோகித் செய்வதைப் பார்த்துத்தான் பேசியது. சுகந்திக்குச் சொன்னதுதான் எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் கேட்டது. ஆனால் எல்லோருக்கும் அது தனக்குத்தான் சொன்னது என்றே தோன்றியது, ஏனென்றால் அந்தக் குரல் அப்படிப்பட்டது.

பாவடித் தெருவில் அதுவரைக்கும் கேள்விதான் கும்பிடு. எங்கீங்க போறீங்க, சோறு ஆச்சுங்களா, என்ன கொழம்பு, பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதுங்களா என்று கேட்டுக்கொண்டேதான் ஒருவர் ஒருவரைக் கடந்து போவார்கள், பதிலுக்கு யாரும் நிற்க மாட்டார்கள். கேள்வி வேண்டாம்மா, கேள்வி வேண்டாம்மா என்று குரல் நாள் முழுக்கச் சொன்னதில் கேள்விகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. அருக்காணி கடைக்கு வந்தால் குப்புராஜ் சொல்வான்:

"அருக்காணியக்கா தூக்குப்போசி எடுத்துட்டு வந்திருக்கறீங்க."

"குப்புராஜு தராசைத் தொடைக்கறாப்ல. நல்லாத் தொடைக்கறாப்ல."

"அக்கா என்னையப் பாத்துட்டு நிக்கறீங்க."

"நல்லெண்ணெ டின்னு அந்த மூலைல இருக்குது."

"ஆமாங்க்கா, மூலைலதான் இருக்குது."

என்ன வேண்டும் என்று அவன் கேட்கக் கூடாது, எண்ணெய் ஊற்று என்று அவள் ஏவக் கூடாது, இரண்டு பேரும் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், கடைசியில் அவன் எழுந்து போனால் அவள், "குப்புராஜு எந்திரிச்சது ரொம்பச் சந்தோசம்," என்பாள். எண்ணெய் வாங்கப் பாதிக் காலைப்பொழுது ஆயிற்று. ஆனாலும் இருவருக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது. நாலாவது வீட்டில் பெண் பார்க்க வந்த கரூர்க்காரர்களுக்கும் வாசலிலேயே காது ஒட்டிவிட்டார்கள். பெண் காபி கொண்டு வருகிறாள், சிந்தாமல் கொண்டு வருகிறாள், மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்குகிறார் என்று இரு வீட்டாரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததில், நகையைப் பற்றி யாரும் கேட்காமலே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதன் பிறகு தெருவில் குரலை எதிர்த்துப் பேச ஆளில்லை.

லோகித்தும் மாறித்தான் வந்தான். தோசை பிய்ந்துபோனால் ஒரு நிமிஷம் நின்று யோசித்தான். மார்கழியில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்த அரசமரத்தடிவரைக்கும் ஒரு தடவை சத்தமில்லாமல் நடந்து போய்த் திரும்பினான். சுகந்தி சந்தோஷப்பட வேண்டியவள். ஆனால் அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள், கவனித்த பிறகு அதைக் கவனிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அவள் பேசும்போது பையன் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, அவள் காதைப் பார்த்தான். "லோகித்து தட்டத்தைக் கழுவி வெச்சுட்டான், ரொம்ப நல்ல வேலை," என்று அவள் சொன்னால் அவன் சிரித்துக்கொண்டே அவள் காதுக்குக் கை ஆட்டினான். ஒரு நாள் அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து, அவள் காதுக்குள் வாயை வைத்து, "அத்தே, நான் இன்னிக்கு யாரையும் அடிக்கல," என்று சொல்லிவிட்டு ஓடினான். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் காதில் இருக்கிறவளிடம் சொன்னான்.

அன்றைக்கெல்லாம் சுகந்தியின் கையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பையன் சரியாகிறான். சரியாக்குகிறவள் யார்? தெய்வானை கூட்டிக்கொண்டு போனால் அவன் சத்தியமங்கலத்துக்குப் போவான், கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவன் இந்தக் காதுக்குள் போய்விடுவான் போலிருந்தது. எதற்காக அழுவது என்று பிரித்துத் தெரியவில்லை.

மார்கழி முடிகிற சமயத்தில்தான் சின்னராசு விஷயம் நடந்தது. சின்னராசு தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்கிறவன், குடித்துவிட்டுக் குழாயடியில் வம்பிழுப்பது அவன் தொழிலின் மறுபாதி. குரல் வந்த பிறகு அவன் கத்தும்போதெல்லாம் தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது, அடங்கினதும் உடனே திரும்பிச் சிரித்தது, அவனும் குழம்பிப்போய்க் குடிப்பதைக் குறைத்திருந்தான். அன்றைக்கு அவன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. பாவு சுற்றின கனமான உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பலகையில் கால் வைத்தான், பலகை புரண்டது, உருளை முழங்காலில் விழுந்தது, அவன் அலறினான். அதே நேரத்தில் வீட்டுக்குள் லோகித் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"ஒண்ணும் பேசாம முகத்தைத் திருப்பிக்கிடுங்க," என்றது குரல்.

தெரு திரும்பிக்கொண்டது. குப்புராஜ் கடைக்குள் பார்த்தான், அருக்காணி சுவரைப் பார்த்தாள், பூசாரி மாரியம்மனைப் பார்த்தார், குழாயடியில் நின்றவர்கள் குடத்துக்குள் பார்த்தார்கள். சின்னராசு பேர் பேராய்க் கூப்பிட்டான். அவன் கூப்பிடக் கூப்பிட எல்லோரும் இன்னும் கெட்டியாகத் திரும்பிக்கொண்டார்கள், ஏனென்றால் நிறுத்தினால்தான் பார்க்க வேண்டும். லோகித் அடங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. "இப்போ பாருங்க, உடனே பாருங்க," என்று குரல் சொன்னபோது எல்லோரும் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். சின்னராசு மயங்கிக் கிடந்தான்.

அவனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார்கள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, ஆனால் கேட்கிற வழக்கம் விட்டுப்போயிருந்தது.

"சின்னராசுக்குக் கால் ஒடைஞ்சிருக்குது," என்றான் குப்புராஜ்.

"நாமெல்லாரும் செவுத்தைப் பாத்துட்டு நின்னோம்," என்றாள் அருக்காணி.

"ஆமா. நின்னோம்."

நல்லா நின்றோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சிலர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், பஞ்சுக்கு இந்தப் பக்கம் தறிச் சத்தம் குறைந்தது, அந்தப் பக்கம் குரல் அப்படியே இருந்தது. இது நல்லதா கெட்டதா என்று தெருவுக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கரூர்க் கல்யாணமும் அதனால்தான் நடந்தது, சின்னராசு கேட்பாரற்று மயங்கிக் கிடந்ததும் அதனால்தான்.

அடுத்த புதன்கிழமை வழக்கம்போல ஈரோட்டுக்குப் போனபோது சுகந்தி மேடத்திடம் சொல்லிவிட்டாள். ஷெர்லின் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகையிலேயே அவளுக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்து, இப்போது பேசினால் காற்று மட்டும்தான் வந்தது.

"மேடம், உங்க கொரலு எங்க தெருவுல இருக்குதுங்க."

"என் குரலா?" ஷெர்லின் சிரித்தாள், சிரிப்பிலும் சத்தமில்லை. "அதான் இங்க காணலியா. ரெண்டு பிள்ளைகளோட அம்மாக்களுக்குத்தான் நான் பேசுதேன், தெருவுக்கே பேசினவ மாதிரி தொண்டை போயிட்டுன்னு டாக்டர் ஏசுதாரு. ஒரு மாசம் வாயைத் திறக்கப்பிடாதாம், ஊருக்குப் போறேன்."

"அப்ப நான் என்ன பண்ணட்டுங்க? தைப்பூசத்துக்கு அவுங்க வர்றாங்க மேடம்."

ஷெர்லின் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள், சுகந்திக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்தது என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் குணசீலனும் தெய்வானையும் வந்தார்கள். அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம், தறிகள் நின்றிருந்தன, தெருவில் காக்கை கரைவதுகூடக் கேட்டது. தெய்வானை ஒரு சீப்பு வாழைப்பழமும், லோகித்துக்கென்று புதுசாய் வாங்கின பையும் கொண்டுவந்திருந்தாள். பையன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சிந்தாமல் கொடுத்தான். அது அப்படியே நடந்து முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் தெய்வானை, பையன் மாறிவிட்டான் என்ற சந்தோஷத்தில், "இந்தப் பைக்குள்ள உன்ற சட்டையெல்லாம் வெச்சுக்கலாமா கண்ணு, பெரியம்மா கூட வந்து நாலு நாள் இருக்கறியா?" என்று கேட்டுவிட்டாள்.

அவனிடம் யாரும் கேள்வி கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. லோகித்துக்குள் அது அறுந்தது. டம்ளர் பறந்தது, பை பறந்தது, வாசல் தாண்டித் தெருவில் போய் விழுந்து, முதுகை வளைத்துக்கொண்டு, நின்றுபோன தறிகளுக்கெல்லாம் சேர்த்துக் கத்தினான். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். குரல் வரவில்லை. பூசாரி காதைச் சுண்டு விரலால் குடைந்தார். வரவில்லை. திரும்பிக்கொள்வதா, பார்ப்பதா என்று தெரியாமல் பாதித் தெரு சுவரையும் பாதித் தெரு பையனையும், சிலர் ஒரு கண்ணால் அங்கேயும் ஒரு கண்ணால் இங்கேயும் பார்த்தார்கள்.

"இதுக்குத்தான சொன்னேன்," என்றாள் தெய்வானை. வாழைப்பழச் சீப்பை இன்னும் ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் கண்ணைத் துடைத்தாள். "ஏனுங்க, பையனைத் தூக்குங்க. மூணு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

குணசீலன் செருப்பை மாட்டினார். தனசேகர் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றான். சுகந்தி தெருவில் இறங்கினாள். மேடம், என்றாள் மனசுக்குள். மேடம், இப்ப என்ன சொல்லட்டும். அவன் உதைக்கிறான் என்று சொல்லட்டுமா, அவன் அழுகிறான் என்று சொல்லட்டுமா, முகத்தைத் திருப்பட்டுமா, திருப்பினால் அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே. காதுக்குள் காதுதான் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள், எந்த வார்த்தை தன்னுடையது என்று தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை.

அப்புறம் அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவளாலேயே பின்னாளில் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. தெய்வானையின் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பிடுங்கித் தெருவில் வீசினாள். புதுப் பையை எடுத்து மின்கம்பத்தில் அடித்தாள். செருப்பைக் கழற்றி ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் எறிந்தாள். மண்ணில் பொத்தென்று உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஓவென்று கத்தி அழுதாள். அவள் மகன் எப்படிக் கத்துவானோ அப்படி, ஆனால் முப்பது வருஷத்துச் சேமிப்போடு.

லோகித் நிறுத்திவிட்டான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தான். தெருவும் மூச்சு விடாமல் பார்த்தது. அவன் கையில் மண்ணோடு நகர்ந்து நகர்ந்து அவளுக்கு எதிரில் வந்து குந்தினான்.

"அம்மா பழத்தை வீசற," என்றான்.

அவள் அழுதாள்.

"அம்மா மண்ணுல உக்காந்திருக்கற. காலை நீட்டி உக்காந்திருக்கற. அம்மா அழுகற." கொஞ்சம் யோசித்தான். "அம்மா சத்தமா அழுகற. இப்ப கொஞ்சம் சின்னதா அழுகற."

அவள் முந்தானையை எடுத்தாள்.

"அம்மா மூக்கைத் தொடைக்கற. நல்லாத் தொடைக்கற."

சுகந்தி நிமிர்ந்தாள். பையன் அவள் காதைப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்குள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தச் சொற்கள் அவனுடையவையா, இல்லை குரல் இப்போது அவன் காதுக்குள் குடிபோய்விட்டதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவனை இழுத்து அவன் காதோடு தன் காதை ஒட்டிக்கொண்டாள். சூடாக இருந்தது. தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. உள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி இருந்தது, அது குரலா ரத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்றாள் தெய்வானை. லோகித் திரும்பவில்லை. அம்மாவைவிட்டுக் கண்ணை எடுத்தால்தானே. தெய்வானை இன்னொரு தரம் கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. குனிந்து, தெருவில் சிதறிக் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். குணசீலன் பையனைத் தூக்கக் கையை நீட்டியபோது அந்தக் கையில் ஒரு பழத்தை வைத்தாள்.

"வேண்டாங்க. அவன் அங்க பாத்துட்டிருக்கறான். எங்க கூட்டிட்டுப் போனாலும் அங்கதான் பாப்பான். வாங்க போலாம்."

"அப்ப பையன்?" என்றார் குணசீலன்.

"என்னையக் கேட்டா? எனக்கென்னங்க தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தெய்வானை புதுப் பையின் மண்ணைத் தட்டிச் சுகந்தியின் மடியில் வைத்தாள். "பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப ஆகும்."

அவர்கள் தெருமுனை திரும்பும்போது கரண்ட் வந்தது. முதலில் ஒரு தறி, பிறகு இரண்டு, பிறகு மொத்தத் தெருவும் தடதடவென்று எழுந்தது. ஆட்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள், போகும்போது பழக்கத்தில் ஒரு கை காதுக்குப் போய்விட்டு இறங்கியது. சுகந்தியும் லோகித்தும் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அம்மா எதையோ செய்கிறாள் என்று சொல்கிறானா, எதையோ நன்றாகச் செய்கிறாள் என்று சொல்கிறானா, திட்டுகிறானா, ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடா சாமி சொல்ற?" என்று அவள் கத்திக் கேட்டாள்.

அவன் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.